ஆற்றில் விட்ட கிதாபுகள்

கூத்தாநல்லூரில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பரணில் ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறையக் கிதாபுகள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. அரபி எழுத்து இருக்கிறதே, யார் காலிலாவது பட்டுவிட்டால் பாவமாகிவிடுமே என்ற அச்சத்தில், எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, உள்ளே கல்லும் வைத்து, ஆற்றில் விட்டுவரச் சொல்லிவிட்டார். செய்தி கேட்டு நாம் போய்ச் சேருவதற்குள் சாக்கு தண்ணீருக்குள் போய்விட்டது.

பரணைக் கூட்டும்போது சிதறிய நாலைந்து தாள்களை மட்டும் ஒரு பையன் எடுத்து வைத்திருந்தான். ஹிஃப்ளு ஓதுகிற பிள்ளை. ஓதிக்காட்டச் சொன்னோம். புதிதாகப் புள்ளி வைத்த எழுத்துகள் வருமிடத்தில் தடுக்கித் தடுக்கி ஓதிவிட்டு, "ஹஜ்ரத், இது என்ன அரபி? ஒன்றும் விளங்கவில்லையே" என்றான். நாம் வாங்கி வாசித்தோம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எத்தனை நாள் என்ன கொடுக்க வேண்டும் என்ற வைத்தியக் குறிப்பு. அத்தனையும் தமிழ்! நம் பாட்டிமார்கள் பேசிய தமிழ், அரபி எழுத்தில். பையன் நம்பவில்லை. இரண்டாம் முறை அவனையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்ன பிறகுதான் சிரித்தான்.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கிழிந்து நைந்து, ஓத முடியாமல் போன முஸ்ஹஃபை மரியாதையோடு அடக்கம் செய்ய மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒரு கிதாபைத் தண்ணீரில் போடு என்று எந்த மத்ஹபின் நூலிலும் நாம் ஓதியதில்லை. இதை மிம்பரில் நின்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆலிம்களாகிய நாம். சொல்லவில்லை. குற்றம் நம்முடையது.

ஆனால் அதே ஊரில், அதே மாதத்தில் ஒரு பொதுக்கூட்டம் போட்டுப் பாருங்கள்! இப்னு ஸீனா இல்லையேல் மருத்துவம் இல்லை, அல்குவாரிஸ்மி இல்லையேல் கணிதம் இல்லை என்று பேச்சாளர் முழங்குவார். தக்பீர் வானைப் பிளக்கும். நாமும் அப்படி முழங்கியவர்களில் ஒருவர்தான், மறைக்கவில்லை. கல்வியின் சிறப்பைச் சொல்ல வந்தால் சீன தேசத்தைக் குறிப்பிடும் ஒரு செய்தியை மறக்காமல் எடுத்துவிடுவோம். அது பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருப்பதைக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதையே ஈட்டுத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்ற வரலாறு போதும். கொல்ல வந்த எதிரியிடமும் எழுத்தைக் கற்றுக்கொண்ட சமுதாயம் இது.

அல்குவாரிஸ்மியின் பெயரைச் சொல்கிறோம். அவர் என்ன எழுதினார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? கலீஃபா மஃமூன் ஆட்சி செய்த 813 முதல் 833 வரையான காலத்தில் பக்தாதில் எழுதப்பட்டது அவருடைய 'அல்ஜப்ர்' நூல். யாருக்காக இதை எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். சொத்துப் பிரிப்பவர்களுக்கு, வழக்குத் தீர்ப்பவர்களுக்கு, வியாபாரம் செய்பவர்களுக்கு, நிலம் அளப்பவர்களுக்கு, வாய்க்கால் வெட்டுபவர்களுக்கு! காவிரிப் பாசனத்தில் பிறந்த நமக்கு இதைவிட நெருக்கமாக யார் பேச முடியும்? அந்த நூலில் ஏறக்குறைய பாதி, வாரிசுரிமைக் கணக்குதான்.

மதரஸாவில் நாங்கள் ஃபராயிள் ஓதியிருக்கிறோம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் போக 24 மா நிலம் மிஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 மா. மீதி 21-ல் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் மகனுக்கு 14, மகளுக்கு 7. இது வெறும் மார்க்கச் சட்டமா, கணிதமா? இரண்டும்தான். உஸ்தாது இதைச் சொல்லிக் கொடுத்தபோது இதன் பெயர் அல்ஜீப்ரா என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அல்ஜீப்ரா நடத்தியபோது, இது வாரிசுச் சொத்துப் பிரிக்கப் பயன்பட்ட கலை என்று அங்கும் யாரும் சொல்லவில்லை. ஒரே கல்வியை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துவிட்டோம். (அந்த 7 மா நம் வீடுகளில் மகள் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது தனிக் கேள்வி. அதை இன்னொரு இதழில் கேட்போம், தப்ப முடியாது.)

கிப்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தாநல்லூரிலிருந்து மக்காவின் திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 21 பாகை சாய்ந்திருக்கிறது. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து இதைக் கண்டுபிடிக்கும் முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தார்கள். கஸ்னி நகரத்துக்குக் கிப்லாவைக் கணிப்பதற்கென்றே அல்பிரூனி 1025-ல் ஒரு நூலை முடித்தார். திமிஷ்கின் உமைய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பவராகச் சம்பளத்துக்கு இருந்தவர் இப்னு ஷாத்திர். 1371-ல் அந்தப் பள்ளிக்கு ஒரு சூரியக் கடிகாரம் செய்து வைத்தார். கோள்களின் ஓட்டத்துக்கு அவர் போட்ட கணக்கமைப்புகள் சில, ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ளவற்றோடு ஒத்திருப்பதை இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பள்ளிவாசல் ஊழியர் ஒருவர் செய்த வேலை இது! நம் பள்ளிவாசலில் இன்று சுவரில் மின்சாரக் கடிகாரம் மாட்டியிருக்கிறோம். அது நின்றுபோனால் முஅத்தினார் செல்போனைப் பார்க்கிறார். பிறை பார்ப்பதில் வருடா வருடம் நடக்கும் சண்டையைப் பற்றி நாம் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த அறிவெல்லாம் நாமே வானத்திலிருந்து இறக்கியது போலப் பேசுவதும் பொய். பூஜ்யத்தோடு கூடிய எண்முறை இந்தியாவிலிருந்து பக்தாதுக்குப் போனது. அல்குவாரிஸ்மி அதை இந்துக்களின் கணக்கு என்று பெயர் சொல்லியே எழுதினார். அல்பிரூனி சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டுக் கேட்டு, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றித் தனி நூல் எழுதினார். யாரிடம் கற்றோம் என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை. வணிகச் சகோதரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: இந்த எண்களை ஐரோப்பாவில் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஒரு வியாபாரக் குடும்பத்துப் பையன். பீசா நகரத்து ஃபிபோனாச்சி, வட ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் வேலை பார்த்த தகப்பனாரோடு தங்கியபோது இந்தக் கணக்கைக் கற்று 1202-ல் நூல் எழுதினார். புளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுச் சங்கமோ 1299-ல், கணக்குப் பேரேட்டில் இந்தப் புதிய எண்களை எழுதக் கூடாதென்று தடை போட்டது. புதியதைக் கண்டு பயப்படுவது எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. அவர்கள் பயத்தைச் சீக்கிரம் விட்டார்கள்.

நாம் விட்டோமா? 1258-ல் தாத்தாரியர்கள் பக்தாதை அழித்தார்கள், நூல்களை ஆற்றில் எறிந்தார்கள் என்று இன்றுவரை அழுகிறோம். சரி, அது பகைவன் செய்தது. ஐரோப்பாவில் 1450-களில் அச்சு வந்துவிட்டது. உதுமானிய அரசில் முஸ்லிம் ஒருவர், இப்ராஹீம் முதஃபர்ரிக்கா, அச்சுக்கூடம் வைக்க அனுமதி பெற்றது 1727-ல். இடையில் போனது 270 ஆண்டுகளுக்கு மேல். அதை எந்தத் தாத்தாரியனும் தடுக்கவில்லை. அதுபோல நம் நாட்டில், ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று ஒரு காலத்தில் சொன்னவர்களும் வெளியார் அல்லர்.

தமிழ் முஸ்லிம்களிடம் ஒரு பெரும் செல்வம் இருந்தது. அரபியில் இல்லாத ட, ப, ழ, ள போன்ற ஓசைகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்து அமைத்து, தப்ஸீர், ஃபிக்ஹு, வைத்தியம், கதை என்று எழுதிக் குவித்தார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் இலங்கையும் ஒரே பள்ளிக்கூடமாக இருந்த காலம் அது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதியவை அந்தக் காலத்து வீடுகளில் பெண்கள் கையில் புழங்கின. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமார்களுக்கு எழுத்தறிவு இல்லை என்று சர்க்கார் கணக்கு எழுதியது. அவர்கள் படித்தது அந்தக் கணக்கில் வரவில்லை!

அதே காலத்தில் கண்டியில் வழக்கறிஞர் சித்திலெப்பை இருந்தார். மார்க்கமும் நவீனக் கல்வியும் ஒன்றாக வேண்டும் என்று 1882-ல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையை ஆரம்பித்தார். சொந்தச் சமுதாயத்தின் எதிர்ப்பைத் தாங்கினார். கொழும்பில் 1892-ல் ஸாஹிராக் கல்லூரி உருவானதில் அவருக்கும் வாப்பிச்சி மரைக்காருக்கும் பங்குண்டு. வாப்பிச்சி மரைக்கார் கட்டடத் தொழில் செய்தவர், பட்டம் பெற்றவர் அல்லர். நம் பக்கத்திலும் கல்லூரி கட்டியவர்கள் வியாபாரிகள்தான். வாணியம்பாடியில் தோல் வணிகர்கள் 1919-லேயே இஸ்லாமியாக் கல்லூரியை எழுப்பினார்கள். 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் அமைத்த கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்து வந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்து அதிராம்பட்டினத்தில் 1955-ல் காதர் முகைதீன் கல்லூரி வந்தது.

நம் ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா என்று மூன்று தலைமுறைச் சம்பாத்தியத்தில் மாடிகள் எழுந்தன. சபராளிகளின் வியர்வையை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பணத்தில்தான் பள்ளிவாசலும் மதரஸாவும் நின்றன. நமது கேள்வி வேறு. அப்துல் கலாம் அவர்களுக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய். இராமேஸ்வரத்துத் தகப்பனாரால் முடியவில்லை. அக்கா ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். நம் வீடுகளிலும் நகை அடகுக்குப் போகத்தான் செய்கிறது. விசாவுக்குப் போகிறது, கல்யாண மண்டபத்துக்குப் போகிறது. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய மகளின் மேல்படிப்புக்காகப் போன நகை எத்தனை? பாஸ்போர்ட் எடுக்கும் வயதை எண்ணிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் அல்குவாரிஸ்மியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மதரஸா மேல் எல்லாப் பழியையும் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். 2006-ல் சச்சார் குழு அறிக்கை வந்தது. பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவுக்குப் போகிறவர்கள் சுமார் 3 விழுக்காடுதான் என்று அது சொன்னது. மீதிப் பேர் எங்கே இருக்கிறார்கள்? சாதாரணப் பள்ளிக்கூடத்தில், அல்லது எங்குமே இல்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்காகத் தெருவில் நின்றவர்களில் நாமும் உண்டு. இடம் வாங்கித் தந்தோம். அந்த இடத்தில் உட்கார ஆள் தயாரித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் நேரம் இது.

தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகி, 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏடுகளையும் தாள்களையும் பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது என்பதை அங்கே போனால் கண்ணால் பார்க்கலாம். இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பலாம். போனவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் கேட்டோம். இரண்டு கை எழுந்தது. அதில் ஒன்று, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய் வெளியே ஐஸ் சாப்பிட்டுவிட்டு வந்த கை.

இந்த ரஜப் மாதத்திலிருந்து நம் அலுவலகத்தின் பின்னறையைப் பழைய கிதாபுகளுக்கென்று ஒதுக்குகிறோம், இன்ஷா அல்லாஹ். இரும்பு அலமாரி ஒன்றுக்கு ஒரு சகோதரர் பொறுப்பேற்றிருக்கிறார். இன்னும் இரண்டு வேண்டும். வீடு இடிப்பவர்கள், பரண் கூட்டுபவர்கள், கிதாபு எந்த நிலையில் இருந்தாலும் சரி, ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன் எங்களுக்கு ஆள் அனுப்புங்கள். வண்டி நாங்கள் கொண்டு வருகிறோம். தர மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அரபுத்தமிழ் எழுத்து வகுப்பு நடக்கும். கல்லூரி மாணவர்களும் வரலாம். பெண்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அதே அறையில் ஞாயிறு காலை, ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை கணக்கு வகுப்பு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சம்பளம் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மதரஸா மாணவர்களை அனுப்பும்படி நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறோம். ஒரு மதரஸா சம்மதித்தது, இன்னொன்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

அந்தப் பையன் தந்த தாள்கள் அலமாரியின் முதல் தட்டில் இருக்கின்றன. வைத்தியக் குறிப்பு பாதியில் நிற்கிறது. அதே கிதாபின் இன்னொரு பிரதி யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.