யாருக்குப் பொது மைதானம்?

புத்தளம் பக்கத்து எங்கள் எத்தாளையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அங்கே காலையில் உதைபந்தாட்டம் என்றால் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சுபஹுத் தொழுகைக்கு முன்பே வேன் ஏற வேண்டும். நுரைச்சோலை, பாலாவி, சிலாபம், நீர்கொழும்பு என்று மடியில் பூட்ஸ் பையோடு குந்தியிருந்து, கால் மரத்துப்போய் இறங்குவார்கள். கொழும்பு எதிரணியோ வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கும். இதற்குப் பெயர் ‘பொது மைதானம்’!

இந்தச் சிக்கல் உலகெங்கும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்ட (அது அவர்களுடைய முட்டைப்பந்து ஆட்டம்) வாகையர் தொடரில், 2024இல் முதற்சுற்றின் நான்கு ஆட்டங்களும் தரவரிசையில் மேலே இருந்தவர்களின் சொந்த மைதானத்தில் நடந்தன. நான்கிலும் வீட்டுக்காரரே வென்றார்கள். இந்தியாவின் சந்தோஷ் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டம் 2023இல் சவூதியின் ரியாத்துக்கே போனது. அதில் மோதிய கர்நாடகா, மேகாலயா இரண்டுக்கும் அது அந்நிய மண்தான். ஆனால் ஊர்ச்சனம் எப்படிப் போய்க் கைதட்டும்?

பெரிய அரங்கு, மின்விளக்கு, தொலைக்காட்சி வசதி எல்லாம் கொழும்பில் இருப்பது உண்மை. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முதலில் தேவை நல்ல புல்தரையும் நியாயமான பயணமும்தான். யாழ்ப்பாணமும் புத்தளமும் மோதினால் அநுராதபுரத்தில் வையுங்கள். கொழும்பில்தான் வைப்பதென்றால், தூரத்து அணிக்கு முதல்நாள் இரவு தங்குமிடமும் சாப்பாடும் கொடுங்கள். விசில் ஊதும்போது இரண்டு அணியும் ஒரே அளவு தூங்கியிருக்க வேண்டும்.