எடைச் சீட்டு சேர்த்த பையன்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் எந்திரம் ஒன்று இருந்தது. ஏறி நின்றால் கண்ணாடிக்குள் சிவப்பும் வெள்ளையுமாகச் சக்கரம் சுற்றும். அது நின்றதும் காசைப் போட வேண்டும். 'டக்' என்று தடித்த அட்டை ஒன்று வந்து விழும். ஒரு பக்கம் எடையும் நம் குணம் பற்றி இரண்டு வரியும். மறுபக்கம் ஒரு சினிமா நட்சத்திரத்தின் படம். வீடு போய்ச் சேருவதற்குள் அதை எங்காவது தொலைத்துவிடுவேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பையன் இந்த எடைச் சீட்டுகளைத் தொலைக்காமல் சேர்த்துவந்தான். தியேட்டர் வாசலில் கிழித்துக் கொடுக்கிற பாதி டிக்கெட்டையும் சேர்த்தான். வீட்டாருக்கு அவன் சினிமாப் பித்து பிடிக்கவில்லை. அவன் பெயர் பரமேஷ் கிருஷ்ணன் நாயர். பின்னாளில் பி.கே. நாயர். 1933-இல் பிறந்தவர்.

அவரைச் சினிமாவுக்குள் இழுத்தவை தமிழ்ப் புராணப் படங்கள். மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த காலம் அது. கே. சுப்பிரமணியத்தின் 'அனந்தசயனம்' அவற்றில் ஒன்று. கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் சொந்த ஊர்ச் சாமி திரைக்கு வந்தால் அந்த ஊர்ப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

படிப்பு முடிந்ததும் இயக்குநராகும் ஆசையோடு பம்பாய்க்குப் போனார். மெஹபூப் கான், பிமல் ராய் போன்றவர்களிடம் வேலை பழகினார். படம் எடுப்பது தன் வேலையில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். 1961-இல் புனே திரைப்படக் கல்லூரியில் ஆய்வு உதவியாளரானார். 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டே அதில் சேர்ந்துவிட்டார். சீட்டு சேர்த்த கை படச்சுருள் சேர்க்கத் தொடங்கியது.

அது சுலபமான வேலையில்லை. பழைய படங்கள் நைட்ரேட் பிலிமில் இருந்தன. சட்டென்று தீப்பிடிக்கும், அணைக்கவும் முடியாது. தீயிலிருந்து தப்பியதை வெள்ளி தின்றது. பிலிமின் பூச்சில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த படத்தைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றுவிடுவார்கள். இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வைத் தேடி நாயர் அதை எடுத்த அர்தேஷிர் இரானியையே போய்ப் பார்த்தார். சில ரீல்கள் இங்கேதான் எங்கோ கிடக்கும் என்றாராம் பெரியவர். வெள்ளிக்காக அவை எப்போதோ போய்விட்டதை அவருடைய மகன் பிறகு தனியே சொன்னதாக நாயர் நினைவுகூர்ந்திருக்கிறார். நம் 'காளிதாஸ்' மட்டும் பிழைத்திருக்கிறதா? அதே 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் அது. ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை.

ஆனால் நாசிக்கில் மௌனப்பட இயக்குநர் பால்கேயின் குடும்பத்தாரைத் தேடிப் போனபோது 'காளிய மர்தன்' துண்டு துண்டாகக் கிடைத்தது. 1919-இல் எடுத்த படம். பால்கேயின் சின்ன மகள் மந்தாகினிதான் அதில் கிருஷ்ணன். அவற்றை வரிசைப்படுத்திச் சேர்த்ததால்தான் அந்தக் குழந்தையின் குறும்பை இன்றும் நாம் பார்க்க முடிகிறது.

எனக்கு அவர் மீட்டவற்றில் மிகப் பிடித்தது 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப்படம். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1930-களின் தொடக்கத்தில் எடுத்தார். திரையிட்ட கையோடு நாவலின் பதிப்பாளர் உரிமை கேட்டு வழக்குப் போட, படப்பெட்டி பறிமுதலானது. சுந்தர்ராஜுக்குப் பெரும் நஷ்டம். பெட்டி பதிப்பாளரிடமே பல ஆண்டுகள் கிடந்தது. ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்தும் எரிந்தும் போயின. ஓடாமல் முடங்கிய இது மட்டும் மிஞ்சியது. 1974-இல் நாயர் அதைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். தென்னிந்தியாவில் ஆயுள் கெட்டியான மௌனப்படங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று ஒரு தோல்விப் படம்.

இதனால்தானோ என்னவோ, நல்ல படம், மட்டமான படம் என்று நாயர் பிரித்துப் பார்க்கவில்லை. கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்தார். அவர் செய்தது சரி என்பேன். எது உயர்ந்தது என்று இன்று நாம் முடிவுகட்டிவிட்டால், நாளை வருகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கும்?

படம் ஓடும்போது இருட்டில் சின்ன டார்ச் வெளிச்சத்தில் ரீல் ரீலாகக் குறிப்பு எழுதுவார். எந்தக் காட்சி எந்த ரீலில் என்று கேட்டால் பளிச்சென்று சொல்வார். சேர்த்ததைப் பூட்டியும் வைக்கவில்லை. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்து மக்களுக்கு 'பதேர் பாஞ்சாலி'யையும் 'ரஷோமோன்' படத்தையும் கொண்டுபோய்க் காட்டினார். 1991-இல் ஓய்வு பெற்றபோது காப்பகத்தில் ஏறத்தாழ 12,000 படங்கள் இருந்தன. அதன் பிறகும் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். 2012-இல் சிவேந்திர சிங் துங்கர்பூர் அவரைப் பற்றி 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 2016 மார்ச் 4 அன்று புனேயிலேயே நாயர் காலமானார்.

என் அம்மா ஒரு தகரப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் தியேட்டரில் இடைவேளையில் விற்பார்களே, கதைச் சுருக்கமும் பாட்டும் அச்சிட்ட அந்த மெல்லிய புத்தகங்கள். வீடு மாறியபோது பழைய பேப்பரோடு அதையும் எடைக்குப் போட்டோம். தராசில் வைத்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை; உள்ளே போய்விட்டார். எந்தெந்தப் படத்தின் புத்தகங்கள் அதில் இருந்தன என்று கேட்டு எழுதி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்று கேட்க அம்மா இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். பாட்டுப் புத்தகமோ, சினிமா நோட்டீஸோ, டூரிங் டாக்கீஸ் டிக்கெட்டோ, எதுவாக இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் ஒரு நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுங்கள்.