விஞ்ஞானப் பலகணி: உயர வானின் ஈரம்
சென்ற இதழ் வெளிவந்த சில நாட்களில், தில்லியில் வாழும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்திருந்தார். செயற்கைக்கோள் அனுப்பும் வானிலைப் படங்களுள் ‘நீராவிப் படம்’ என்ற ஒன்றை அவர் கைப்பேசியில் கண்டாராம். சென்னைக் கரையின்மேல் அப்படம் கன்னங்கரேலென்றிருந்தது. கருமை வறட்சியைக் குறிக்கும் என்றும் அறிந்திருந்தார். அதே மாலையில் சென்னையிலுள்ள அவருடைய தாயார், “புழுக்கம் தாங்க முடியவில்லை, காலையில் உலர்த்திய புடவை இன்னும் காயவில்லை” என்று தொலைபேசியில் கூறினாராம். “படம் பொய்யா, அம்மா சொல்வது பொய்யா?” என்பது சகோதரியின் வினா.

இரண்டும் மெய்யே. அப்படம் காட்டுவது புடவை உலரும் காற்றையன்று; அதற்கு வெகு உயரத்தில், ஏறத்தாழ 5 முதல் 12 கிலோமீட்டர் வரையிலுள்ள காற்றை.

செயற்கைக்கோள் ஈரத்தை நேரே அளப்பதில்லை என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். அது அளப்பது கதிர்களை. பூமியும் காற்றும் தத்தம் உஷ்ணநிலைக்கு ஏற்ப, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை இரவும் பகலும் வீசிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் 6.7 மைக்ரானை ஒட்டிய அலைநீளமுள்ளவற்றை நீராவி விரும்பி விழுங்கும். விழுங்கிய நீராவி, தன் உஷ்ணநிலைக்கேற்பத் தானும் கதிர் வீசும். ஆகவே அந்த அலைநீளத்தில் தரையின் கதிர் விண்ணை எட்டுவதேயில்லை. மேலடுக்கு நீராவியின் கதிரே எட்டுகிறது.

நம் ஊர்க் குளத்தை எண்ணிப் பாருங்கள். நீர் கலங்கியிருந்தால் பார்வை மேற்பரப்போடு நின்றுவிடும். தெளிந்திருந்தால் ஆழம்வரை செல்லும். உயர வானில் ஈரம் மிகுந்திருப்பின், செயற்கைக்கோளின் பார்வை அங்கேயே, குளிர்ந்த அடுக்கிலேயே தடைப்பட்டுவிடுகிறது. ஈரம் குறைந்திருப்பின் கீழே இறங்கி, வெப்பம் மிகுந்த அடுக்கைத் தொடுகிறது. குளிர்ந்து தோன்றினால் ஈரம், வெம்மையாகத் தோன்றினால் வறட்சி! முன்னதை வெண்மையாகவும் பின்னதைக் கருமையாகவும் தீட்டுவது வழக்கம். அவ்வளவு ஆழம் பார்த்தும் தரையை ஒட்டிய காற்றை அது எட்டுவதில்லை; சென்னைப் புழுக்கம் படத்தில் அகப்படாததன் காரணம் இதுவே.

இத்தகைய படமெடுக்கும் கருவியை ஐரோப்பியரின் மெட்டியோசாட் 1977-லும், நம் நாட்டின் இன்சாட்-2இ 1999-லும் தாங்கிச் சென்றன. பின்னர் கல்பனா-1, இன்சாட்-3டி முதலியவை தொடர்ந்தன. பலூனில் கருவி கட்டி அனுப்பும் பழைய முறை இன்றும் உண்டு. ஆயினும் பரந்த கடலின்மீது பலூன் விடுவார் யார்? மேலும், உயரத்துக் கடுங்குளிரில் பலூனின் ஈரமானி மந்தப்பட்டுவிடும்.

அகச்சிவப்புக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு: அடர்ந்த மேகத்தை ஊடுருவ அதனால் இயலாது. 183 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலை, மேகங்கள் பலவற்றை ஊடுருவ வல்லது. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுக் கோளான மேகா டிராபிக்ஸில், இவ்வலையைக் கொண்டு ஈரமளக்கும் ‘சாஃபிர்’ என்னும் கருவி இருந்தது. உடனிருந்த மழையாராய்ச்சிக் கருவியின் பெயர் ‘மெட்ராஸ்’! ஆங்கிலத் தொடர் ஒன்றன் முதலெழுத்துகளால் அமைந்த பெயர்தான். எனினும் நம்மவர் உள்ளம் சிறிது குளிர்ந்திருக்கும். அந்தோ, அது 2013-லேயே ஓய்ந்தது. சாஃபிர் அதன்பின்னும் உழைத்தது. பணி முடிந்த கோளை 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடல்மீது இறக்கிவிட்டனர்.

இத்தனை பாடு எதற்கு? உயர வானின் நீராவி மிகச் சொற்பம். ஆனால் பூமி விண்ணுக்குத் திருப்பியனுப்பும் வெப்பத்தைத் தடுப்பதில் அதன் ஆற்றல் பெரிது. கரியமில வாயுவால் பூமி வெதும்பும்போது உயர வானிலும் ஈரம் கூடுமாயின், வெப்பம் மேலும் பெருகும். கூடாது, ஒருகால் குறையக்கூடும் என்று வாதித்த அறிஞரும் இருந்தனர். இவ்வழக்கில் சாட்சி சொன்னது ஓர் எரிமலை.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினதூபோ வெடித்தது. அதன் கந்தகப் புகையினின்று தோன்றிய மெல்லிய திரை வானுயரத்தில் பரவிச் சூரிய ஒளியின் ஒரு பகுதியை மறைத்தது. உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது. அக்காலத்துச் செயற்கைக்கோள்களின் 6.7 மைக்ரான் பதிவுகளைப் பிரையன் சோடன் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் ஆராய்ந்து, 2002-ல் முடிவை வெளியிட்டனர். குளிர்ச்சியோடு உயர வானும் வறண்டிருந்தது. நீராவியின் இம்மாற்றத்தைச் சேர்த்துக் கணித்தபோது, கணக்கும் உண்மைக் குளிர்ச்சியும் ஒத்துவந்தன. அதை விலக்கிக் கணித்தபோது குளிர்ச்சி போதவில்லை. குளிரில் ஈரம் குறையுமென்றால் வெப்பத்தில் அது கூடுமென்று கருத வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டதன்றோ? நமக்கு இது உவப்பான செய்தியன்று. ஆயினும் நிறுவிய முறையின் அழகை மெச்சாமலிருக்க முடியவில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு சொல். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து ஒரு வெண்பட்டை தில்லியை நோக்கி நகர்வதைக் கண்டால், மழை வருமோ என்று வானிலை அறிவிப்பையும் பாருங்கள். வற்றல், வடாம் இடும் நாளைத் தேர்வதற்கு மட்டும் இப்படத்தை நம்ப வேண்டா. அதற்குத் தரைக்காற்றின் ஈரப்பத அளவே போதும்.