பிஞ்சு முகத்தில் ஸ்டீராய்டு வியாபாரம்

பிறந்து இரண்டு மூன்று வாரமான குழந்தையின் கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்னச் செம்பருக்கள் கிளம்புகின்றன. உடனே வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது. பெற்றவள் என்ன தின்றாள்? மாம்பழமா, கத்தரிக்காயா? பால்சூடுதான் என்று பாட்டி தீர்ப்புச் சொல்கிறாள். நடவு வயலில் வெயில் காய்ந்ததால் வந்தது என்று அந்தப் பெண்ணின் தலையிலேயே குற்றத்தைக் கட்டுகிறவர்களும் உண்டு.

இது வீண் பழி. பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு இருபது வரை இந்தப் பரு வருகிறது. ஹார்மோன்களின் தூண்டுதலால் குழந்தையின் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சில காலம் மும்முரமாக வேலை செய்கின்றன. எல்லோர் தோலிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. தாயின் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தழும்பில்லாமல் தானே மறையும். வெதுவெதுப்பான தண்ணீரால் தினம் ஒருமுறை முகத்தைத் துடைத்தால் போதும். கிள்ளக் கூடாது, முகத்தில் எண்ணெய் தடவக் கூடாது. ஆனால் கொப்புளத்தில் சீழ் வைத்துப் பரவினால், காய்ச்சல் கண்டால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், அது பருவல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சும்மா விட்டாலே ஆறுகிற இந்தப் பருவுக்குத்தான் மருந்துக்கடையில் களிம்பு விற்கிறார்கள்! பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால் என்ற ஸ்டீராய்டுகளுடன் பூஞ்சை மருந்தையும் கிருமிக்கொல்லியையும் கலந்த குழாய்கள். தடவிய இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது. 'நல்ல மருந்து' என்று பெயரும் கிடைக்கிறது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகக் கிளம்புகிறது. மறுபடியும் குழாய் வாங்க வேண்டியதுதான். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குழந்தைக்கு நேர்வது வேறு. அதன் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் பெரியவர்களைவிட அதிகம். ஆகவே தடவிய மருந்து உடம்புக்குள் அதிகமாக இறங்குகிறது. தோல் மெலிகிறது, நிறம் வெளுக்கிறது, ஸ்டீராய்டே புதிய பருவை உண்டாக்குகிறது. நாள்கணக்கில் தடவினால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் வேலையே மந்தப்படலாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. வெளிப்பூச்சுக் களிம்புகளுக்கு முன்பு இருந்த விலக்கை மாற்றி, 2018-ல் மத்திய சர்க்கார் 14 ஸ்டீராய்டுகளை எச் அட்டவணையில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அந்த எச்சரிக்கை குழாயின் மேலேயே அச்சாகியிருக்கிறது, பொடி எழுத்தில், இங்கிலீஷில்! யார் படிப்பதற்காக என்று கேட்கிறோம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிற பரு தனி ஜாதி. கருமுனைகளும் கெட்டிக் கட்டிகளும் தோன்றும், தழும்பும் விழலாம். இதற்கு மருந்து உண்டு. பென்சாயில் பெராக்சைடு குறைந்த வீரியத்தில் கொடுப்பார்கள். தேவையானால் வேறு களிம்பும் சேர்ப்பார்கள். (ஆலையில் துணி வெளுக்கும் தோழர்களுக்குப் பெராக்சைடு பழக்கமான பெயர்தான். இதுவும் துணியில் பட்டால் சாயத்தை வாங்கிவிடும், கவனம்.) எதை, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகச் சொல்வது சுலபம். பகலில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றையக் கூலி போகிறது. மருந்துக்கடையோ இரவு வரை திறந்திருக்கிறது. தாய் அங்கே போவது அறியாமையால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். ஆலைத் தொழிலாளிக்காவது ஈ.எஸ்.ஐ. உண்டு, அதில் குழந்தைக்கும் வைத்தியம் பெற உரிமை இருக்கிறது. வயலில் கூலிக்குப் போகிறவளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே வேலை முடிந்து வருகிற நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளைப் பார்க்க டாக்டர் இருக்க வேண்டும். எச்சரிக்கையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். சீட்டில்லாமல் இந்தக் களிம்பை விற்கும் கடைகளின் மீது மருந்து ஆய்வாளர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதுவரை, கடைக்காரர் குழந்தைக்கென்று குழாயை நீட்டினால், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள், வாங்கினால் ரசீது கேளுங்கள்.