புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோர் ஓர் இரவாவது தங்கிச் செல்ல வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
சுற்றுலா வேன், கார், ஆட்டோ ஓட்டுநர்கள், உள்ளூர் வழிகாட்டிகள் சங்கத்துக்காக,
புதுக்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், புதுக்கோட்டை.

நகல்: மாவட்ட சுற்றுலா அலுவலர், இந்தியத் தொல்லியல் துறை, திருச்சி வட்டம், இந்து சமய அறநிலையத் துறை, அருங்காட்சியகங்கள் துறை, அரசுப் போக்குவரத்துக் கழகம், புதுக்கோட்டை மண்டலம்.

பொருள்: மாவட்டத்தின் தொன்மையான இடங்களுக்குப் பேருந்து, பார்வை நேரம், குடிநீர், கழிப்பறை, வழிகாட்டி, தங்குமிடம் ஆகியவற்றை ஒருங்கிணைத்து ஏற்படுத்தித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே இறங்கி எங்கள் வண்டியில் ஏறும் வெளியூர்க் குடும்பம் அதே சாலையில் நேராக வந்து, திருமயம் கோட்டை மேல் அரை மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ போய் அறை எடுக்கிறது. மறுநாள் மதுரைக்குப் போய்விடுகிறது. இரண்டு நாள் சுற்றினாலும் பார்த்து முடியாத மாவட்டத்தில் அவர்கள் விட்டுச் செல்வது ஒரு டீக்கான காசு. தங்கினால்தான் லாட்ஜுக்கு வாடகை, மெஸ்ஸுக்கு வியாபாரம், ஆட்டோவுக்குச் சவாரி, முட்டை மாசு விற்கும் கடைக்கு ஒரு பொட்டலமாவது விற்பனை. 1974-இல் மாவட்டம் பிறந்ததிலிருந்து நம் ஊர் வழிப்போக்கர் ஊராகவே இருந்துவருகிறது.

புதிதாகப் பெரிய கட்டடம் எதையும் கட்டித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். சுற்றுலா வளர்ச்சி என்றால் நுழைவு வளைவு, சிமென்ட் சிலை, செல்ஃபி எடுக்க ஓர் எழுத்துப் பலகை என்றே திட்டம் போடப்படுகிறது. சித்தன்னவாசலில் பூங்காவும் படகும் வந்தபோது நாங்களும் வரவேற்றோம். பிள்ளைகளோடு வருவோருக்கு அவை வேண்டும்தான். ஆனால் பூங்கா எல்லா ஊரிலும் உண்டு. இங்கே மட்டும் இருப்பதை, பார்க்க வருகிறவர்கள் நிம்மதியாகப் பார்த்துப் போக வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் நேரம். திருச்சியில் காலைப் பலகாரம் முடித்துப் புறப்படும் பார்ட்டி பத்து மணிக்கு நார்த்தாமலை வருகிறது. மேலமலை மேல் விசயாலய சோழீச்சரத்துக்கு மொட்டைப் பாறையில்தான் ஏற வேண்டும். வழியில் ஒதுங்க நிழல் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் முற்றத்தில் கால் வைத்தவர்கள் சூடு தாங்காமல் துள்ளுகிறார்கள். வெளியே சதுரமும் உள்ளே வட்டக் கருவறையுமாக நிற்கும் அந்த அபூர்வக் கட்டடத்தையோ, எதிரே சமணர் குடகு என்னும் குடைவரையில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால் உருவங்களையோ நின்று பார்க்கும் பொறுமை அந்நேரம் யாருக்கும் இருப்பதில்லை. இறங்கி வந்து குடுமியான்மலைக்கு வண்டியை விரட்டினால் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருக்கும். மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பு. நான்கு மணி நேரத்தை எங்கே கழிப்பது? வண்டியைக் காரைக்குடிக்கு விடச் சொல்லிவிடுகிறார்கள். இப்படித்தான் நம் மாவட்டம் மத்தியானத்தோடு முடிந்துபோகிறது.

ஆகவே, கட்டணம் வாங்கும் இடங்கள் உட்படத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மலை மேல் இடங்களைச் சூரிய உதயத்திலேயே திறந்துவிடப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நார்த்தாமலையில் பாறைப் பாதையிலும் கோயில் முற்றத்திலும் தென்னை நார் விரிப்புப் போட்டால் போதும். பெரிய கோயில்களில் கோடைக்குச் செய்வதுதான். அடிவாரத்தில் குடிநீரும், தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். ‘தண்ணீர் வரும்’ என்பதை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டுகிறோம். கழிப்பறைக் கட்டடங்கள் கட்டப்படாமல் இல்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டுத்தான் தொங்குகிறது. கூட வந்த பெண்கள் சிரமப்பட்டு, அடுத்த இடம் வேண்டாம், நேராக லாட்ஜுக்குப் போ என்று சொல்வதை எங்கள் ஓட்டுநர்கள் எல்லாருமே கேட்டிருக்கிறார்கள்.

நார்த்தாமலையின் அந்தச் சோழீச்சரத்தைச் சாத்தன் பூதி எடுப்பித்தான், மழையில் இடிந்தபின் மல்லன் விடுமன் புதுக்கினான் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. கட்டியவனுக்கு இணையாகப் பழுது பார்த்தவனுக்கும் கல்லில் பெயர் கொடுத்த மாவட்டம் இது. பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதில் விளம்பரம் இல்லை என்று தயங்கும் அலுவலர்களின் பார்வைக்கு இதைக் கொண்டுவருகிறோம்.

குடுமியான்மலையில் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டியுள்ள இசைக் கல்வெட்டு 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இசை படித்தவர்கள் வெளிநாட்டிலிருந்தும் அதைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு மத்தியானம் ஒரு மணிக்கும் அதைக் காண வழி இருக்க வேண்டும். மூலவர் சன்னதியின் நடை நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. அது ஆகமம் சார்ந்தது, அதில் தலையிட எங்களுக்கு உரிமை இல்லை. கல்வெட்டையும் குடைவரையையும் மண்டபச் சிற்பங்களையும் மட்டும், ஒரு காவலர் பொறுப்பில், நடை சாத்திய நேரத்திலும் பார்க்க அனுமதிக்கலாம். திருமயத்தில் ஒரே குன்றில் அடுத்தடுத்து இருக்கும் சிவன், பெருமாள் குடைவரைகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டையை ஏறிப் பார்த்துவிட்டு, காலடியில் பள்ளிகொண்ட பெருமாளைப் பாராமல் போகிறவர்கள்தான் அதிகம்.

திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம் 1910-இல் சமஸ்தானத்தில் தொடங்கப்பட்டது. சென்னை எழும்பூருக்கு அடுத்த பெரிய அரசு அருங்காட்சியகம் இதுதான். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அலுவலகம், பள்ளி இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்துக் குடும்பம் வெளியே கிளம்பும் நாளே இரண்டாம் சனிதான். அன்று அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்துவிட்டு, மாற்று விடுமுறையை வார நாளில் கொடுக்கலாம். வெயில் உச்சியில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்தைக் கழிக்க இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை.

சித்தன்னவாசல் குறித்து எங்கள் கோரிக்கை சற்று வேறு மாதிரியானது. அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்தச் சொல்கிறோம். அறிவர் கோயில் சின்னஞ்சிறிய குடைவரை. விதானத்தில் தாமரைக் குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூவர். தூண்களில் ஆடல் மகளிர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலமான 9-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்று நிற்பவை மங்கிய நிறங்கள்தான். பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில் வரும் பிள்ளைகள் மொத்தமாக உள்ளே நுழைந்து, ஒரே சமயத்தில் மூச்சு விட்டு, கைப்பேசி ஃபிளாஷ் அடித்தால் அந்த நிறம் எத்தனை காலத்துக்கு நிற்கும்? ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் உள்ளே விடக் கூடாது. ஃபிளாஷ் அறவே கூடாது. காத்திருப்போருக்கு வெளியே நிழல் கூரை போட்டு, ஓவியங்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்டி, எந்த மூலையில் எந்த உருவம் என்று காட்டிவிட வேண்டும். அண்ணாந்து பார்த்து ஒன்றும் புலப்படாமல் ‘இதற்காகவா இவ்வளவு தூரம்’ என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எங்கள் வழிகாட்டிகள் ஓய்ந்துபோனார்கள்.

அதே குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் தலையணை போல மேடு விட்டு இழைத்த படுக்கைகள். பெரிய படுக்கையில் தமிழி எழுத்து. பாறைச் சரிவில் போகும் அந்தப் பாதையின் கம்பித் தடுப்புகளை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் சோதித்து, வழுக்கும் இடங்களைச் சரிசெய்ய வேண்டும்.

பேருந்து வேண்டும் என்று வேன் ஓட்டுநர் சங்கமே கேட்பது விந்தையாகத் தோன்றலாம். எங்கள் செயற்குழுவிலும் இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் பேருந்தில் முதல் தடவை வந்து பார்த்த கல்லூரி மாணவர்தான் அடுத்த தடவை அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வண்டியை எடுக்கிறார். சனி, ஞாயிறுகளில் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அருங்காட்சியகம், நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று சுற்றித் திரும்பும் ஒரு பேருந்தை, ஏறி இறங்கி அடுத்த நடையில் தொடரும்படி, நகரப் பேருந்துக் கட்டணத்தில் இயக்க வேண்டும். இன்னொன்று அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலைக்கும் கொடும்பாளூருக்கும் செல்லலாம். இருக்குவேள் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது. திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிகளுக்கு அது இருப்பதே தெரியாது. சாலையில் ஒரு பழுப்பு நிறப் பலகை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பலகை என்றதும் இன்னொன்று. பல இடங்களில் நுழைவாயிலில் நிற்கும் நீலப் பலகை, சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் அவசியம். ஆனால் யார் கட்டியது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நல்ல தமிழில் பத்து வரியில் சொல்லும் பலகை பக்கத்தில் இருந்தால் கிறுக்குகிறவனுக்கும் கை கூசும். இந்த ஊர்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்குத் தொல்லியல் அலுவலர்களைக் கொண்டு பயிற்சி அளித்து, அடையாள அட்டையும் நிர்ணயித்த கட்டணமும் கொடுத்தால் வழிகாட்டிக்கும் பஞ்சம் இராது. இப்போது சில சிறிய கோயில்களில் சாவி வைத்திருப்பவர் வயலுக்குப் போயிருந்தால் கோயிலும் வயலுக்குப் போனது போலத்தான். ஊர்ப் பெயர் எழுதினால் தினக்கூலிக்கு நிற்கும் காவலர் மீதே நடவடிக்கை பாயும் என்பதால் எழுதவில்லை. சாவி வைத்திருப்போரின் கைப்பேசி எண்ணைக் கதவிலேயே எழுதி வைக்கச் சொன்னால் போதும்.

தங்குமிடத்துக்கு வருகிறோம். ஓர் இரவு தங்க அதிகாலையிலோ அந்தியிலோ பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நம்மிடம் இருக்கிறது. விராலிமலையில் விடியற்காலையில் மயில்கள் இறங்குவதைக் காண முதல் நாள் இரவே வந்துவிட வேண்டும். அந்த ஊரின் சதிராட்ட மரபைக் காத்த முத்துக்கண்ணம்மாள் அம்மையாருக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்த ஆட்டத்தைப் பார்க்க மாதத்தில் ஒரு மாலை நேரம்கூட அங்கே ஒதுக்கப்படவில்லை. கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு நிகழ்ச்சி என்று நாளைக் குறித்தால் அதை நம்பி அறை முன்பதிவு செய்வார்கள். கீரமங்கலம் பூச்சந்தை, ஆலங்குடிப் பக்கத்துப் பலாத் தோப்புகள், குளமங்கலத்தில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அய்யனார் குதிரைக்கு மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் போர்த்தும் காட்சி, ஆவுடையார்கோயில் கொடுங்கை என்று கிழக்குப் பகுதிக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இந்த ஊர்களில் நல்ல வீடு வைத்திருக்கும் விவசாயிகள் இரண்டு அறையை விருந்தினருக்கு விட விரும்பினால், ஊராட்சி, தீயணைப்பு, காவல், சுற்றுலா என்று அலையவிடாமல் ஒரே மேசையில் பதிவு செய்து கொடுக்க வேண்டும். மணமேல்குடி, மீமிசல் கடற்கரைகள் குறித்து அப்பகுதி மீனவர்களைக் கலந்த பின்னர் தனி மனு அளிப்போம்.

கல் குவாரிகள் பற்றி எழுதுவது எங்களுக்கே சங்கடமானது. உறுப்பினர்கள் பலர் வீட்டில் குவாரி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. குன்றுக் கோயில்களுக்கு இந்த அளவு போதாது. புதிய உரிமம் கொடுக்கும் முன்பு, வெடி அதிர்வு பாறை ஓவியத்தையும் குடைவரையையும் பாதிக்குமா என்று தொல்லியல் துறையிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்டுப் பெற வேண்டும். பொற்பனைக்கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியிருக்கும் நிலையில், அங்குள்ள கோட்டை மண்மேட்டைச் சுற்றியும் இதே எச்சரிக்கை தேவை.

எங்களுக்கென்று கேட்பது சிறிது. வண்டி நிறுத்துமிடக் குத்தகையில் வேனுக்கு, காருக்கு, ஆட்டோவுக்கு எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். எழுதிய தொகைக்கு ரசீதும் வேண்டும். பார்ட்டி திரும்பும் வரை வெயிலில் வண்டிக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும் ஓட்டுநர்களுக்கு ஒரு கூரை வேண்டும்.

இந்தக் கோரிக்கைகள் எல்லாம் ஐந்தாறு துறைகளின் கைகளில் பிரிந்து கிடப்பதால், ஒரு துறையிடம் போனால் அடுத்த துறையைக் காட்டுகிறார்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளில் தந்த இந்த மனு தனித்தனித் தபாலாகப் பிரிந்து போய்விடாமல், நகல் பெறும் எல்லா அலுவலர்களையும் தங்கள் தலைமையில் ஒரே கூட்டத்துக்கு அழைக்க வேண்டுகிறோம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் வருவதற்குள், பணம் அதிகம் தேவைப்படாத மூன்றை மட்டுமாவது உத்தரவாக்க வேண்டும்: அதிகாலைத் திறப்பு, இரண்டாம் சனி அருங்காட்சியகம், வார இறுதிச் சுற்றுப் பேருந்து. கூட்டத்துக்கு முன்பு அலுவலர்கள் இந்த வழித்தடத்தை ஒரு முறை நேரில் பார்க்க முன்வந்தால், வண்டியும் ஓட்டுநரும் சங்கத்தின் செலவு. பத்து மணிக்கு நார்த்தாமலை ஏறும்படி நேரம் குறித்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
(உறுப்பினர்கள் கையொப்பம் தனித்தாளில்)

இணைப்பு: சுற்றுப் பேருந்துக்கான வழித்தட வரைபடம், இடவாரியாகத் தற்போதைய பார்வை நேரமும் நாங்கள் கோரும் நேரமும்.