நிக்கத் தெரியாதவனுக்கு என்ன றேஸ்?

2025 ஜனவரியில் துபாயில் அஜித் ஓட்டின கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோ எங்கள் எல்லாருடைய போனுக்கும் வந்தது. 24 மணிநேரப் போட்டிக்கு முன்பு நடந்த பயிற்சி அது. பிரேக் செயலிழந்ததால் வந்த விபத்து என்று பிறகு அவருடைய அணியே சொன்னது. நாங்கள் வீடியோவைப் பகிர்ந்தோம். அவர் இறங்கி நடந்து வந்ததைக் கொண்டாடினோம். 'பிரேக்' என்ற சொல்லை மட்டும் வாசிக்காமலே விட்டுவிட்டோம்.

றேஸ் காருக்கு உள்ளே இரும்புக் கூடு இருக்கிறது. ஓட்டுபவருக்கு ஹெல்மெட், ஓரத்தில் தடுப்பு, பக்கத்தில் வைத்தியர் எல்லாம் இருக்கிறது. பிரேக் ஒயிலை அடிக்கடி மாற்றி, எயார் எடுத்து, சரிபார்ப்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள். அப்படியிருந்தும் பிழைக்கிறது. யாழ்ப்பாணத்தில் றேஸ் ஓட ஒரு தடம் இல்லை. அதனால் பண்ணைப் பாலமும் ஏ9 வீதியும் காப்பெற் போட்ட ஊர் றோட்டுகளும் தடமாகிவிட்டன. இங்கே தடுப்பு எது? மதில், லைற் போஸ்ட், இல்லாவிட்டால் ஒழுங்கையால் சைக்கிளில் வெளிக்கிடும் யாரோ ஒரு அம்மம்மா.

என்னுடைய குற்றச்சாட்டு இதுதான். ஓடுறதுக்குச் செலவழிக்கிறம், நிக்கிறதுக்குச் செலவழிக்கிறதில்லை. சைலென்சர் மாத்தியாச்சு, றிம் மாத்தியாச்சு, ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. "பிரேக் ஒயில் கடைசியா எப்ப மாத்தின நீ?" என்று கேட்டுப் பாருங்கோ. "அது மாத்திறதோ?" என்று திருப்பிக் கேட்பான்.

மாத்தத்தான் வேணும். பெடலில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது அந்த ஒயில்தான். திரவம் அமுங்காது, வாயு அமுங்கும். பிரேக் ஒயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு அதுவே 230இலிருந்து 155. கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் நீங்கள் பெடலை அமத்த அமத்தக் குமிழிதான் அமுங்கும், சில்லு நிக்காது.

"யாழ்ப்பாணத்தில மலையே இல்லை, பிரேக் எங்க சூடாகிறது?" என்பார்கள். மலை இல்லைத்தான். ஆனால் 100 கிலோமீற்றர் வேகத்தில் வந்து நிற்கும்போது 50இல் வந்து நிற்பதைவிட நாலு மடங்கு வெப்பம் பிறக்கும். மாடும் நாயும் குறுக்கே வரும் றோட்டில் அதை அடுத்தடுத்துச் செய்துபாருங்கோ. எங்களைச் சுற்றிக் கடல், காற்றில் எப்போதும் ஈரம். மெதுவாக ஓடுகிறவரின் ஒயிலிலும் தண்ணீர் சேரும், உள்ளே துருவும் பிடிக்கும்.

அடுத்தது எங்கள் பெருமை. "பொருளாதாரத் தடையிலயே மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், சமாளிப்பம்." உண்மை. தொண்ணூறுகளில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளுக்கு நான் தலைவணங்குகிறேன். அது பெற்றோல் இல்லாத காலத்துக் கெட்டித்தனம். பிரேக் ஒயில் கடையில் இருக்கும்போது பெடலை நாலுதரம் பம்ப் பண்ணி ஓட்டுவது சமாளிப்பு இல்லை, அலட்சியம். எஞ்சின் பழுதானால் நிப்பீங்கள். பிரேக் பழுதானால் நிக்கமாட்டீங்கள். இரண்டும் ஒரே சமாளிப்போ?

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடையில் எல்லாரும் பழைய வாகனத்தையே இழுத்துக்கொண்டு ஓடினோம். உள்ளே கிடக்கும் ஒயிலுக்கும் அதே வயது இருக்கலாம்.

"பிரேக்கில கை வைக்காத, கராஜில குடு" என்பது கடைசி வாதம். கராஜ்காரர் நீங்கள் சொன்ன வேலையைத்தான் செய்வார். ஒயில் மாற்றச் சொல்லி யார் கேட்கிறோம்? நீங்களே ஒருதரம் செய்து பார்த்தால்தான் என்ன கேட்கவேண்டும் என்றாவது தெரியும்.

வேலை பெரிதில்லை. இரண்டு பேர், ஒரு ஸ்பனர், ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு போத்தல், மூடி உடைக்காத புது ஒயில். எந்த டொட் என்று டாங்கி மூடியிலேயே இருக்கும். கார் என்றால் யக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீங்கோ, ஸ்டாண்ட் வையுங்கோ. அநேகமான கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குவார்கள். உங்கள் காரின் ஒழுங்கைக் கைநூலில் பாருங்கோ. ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கவேண்டும். மூடின பிறகுதான் பெடலை விடவேண்டும், இல்லாவிட்டால் எயார் திரும்ப உள்ளே போகும். குமிழி நின்று, தெளிந்த ஒயில் வரும்வரை இதையே செய்யுங்கோ. மேலே டாங்கி வற்றக்கூடாது. பெயின்ரில் சிந்தினால் உடனே கழுவுங்கோ. எல்லாம் முடிந்தும் பெடல் மெதுமெதுவென்று இருந்தால், எங்காவது கசிந்தால், அல்லது ஏபிஎஸ் உள்ள வாகனம் என்று தயக்கம் இருந்தால், ஓட்டாதீங்கோ. மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கோ.

எடுத்த பழைய ஒயிலை வேலிக்கரையில் ஊத்தவேண்டாம். சுன்னாகக் கிணறுகளில் ஒயில் கலந்த கதையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் இடத்தில் குடுங்கோ.

ஒரு போத்தல் பிரேக் ஒயிலின் விலை நீங்கள் மாத்தின சைலென்சருக்குக் கிட்டவும் வராது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கர் கடைக்குப் போகமுதல் அந்த டாங்கியை ஒருக்கால் பாருங்கோ. உள்ளே இருப்பது தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், அன்றைக்கு ஓட்டத்தை விட்டுவிட்டு அதை மாத்துங்கோ.