தவளை போன பிறகு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிறது வடநெம்மேலி முதலைப் பண்ணை. அங்கே சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் விஷமெடுப்பு மையம். மண்பானையிலிருந்து பாம்பு வெளியே வருகிறது. வாயில் சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பை அது கடிக்க, சில துளிகள் உள்ளே இறங்குகின்றன. பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் பேருந்து ஏறுகிறார்கள். அந்தத் துளிகள் அதன்பின் எங்கே போகின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. பாடப்புத்தகமும் பெரும்பாலும் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது.

அவை குதிரைக்குப் போகின்றன. உலர்த்திப் பொடியாக்கிய விஷத்தை மருந்து நிறுவனங்கள் வாங்கி, மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரையின் உடலில் செலுத்துகின்றன. குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. ரத்தத்தை எடுத்து, அதன் நீர்ப்பகுதியிலிருந்து அந்தப் புரதங்களைப் பிரித்துச் சுத்தப்படுத்தினால் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து கிடைக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுண்டெலிகள். விஷமும் மருந்தும் கலந்து ஊசியாகப் போடப்பட்ட எலிகளில் எத்தனை பிழைக்கின்றன, எத்தனை சாகின்றன என்று எண்ணப்படுகிறது. ஒரு மில்லிலிட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தையும், அதே அளவு கண்ணாடி விரியன் விஷத்தையும், கட்டு விரியன், சுருட்டை விரியன் விஷத்தில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது இந்தியாவில் உள்ள அளவுகோல். இந்த எண்களை உறுதிசெய்வது எலிகளின் சாவுக் கணக்கு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயலிலும் வரப்பிலும் கடிபட்டு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்படுகிறவருக்கு ஏற்றப்படுவது அந்தக் குதிரையின் ரத்தத்திலிருந்து வந்த மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக வடநெம்மேலியிலிருந்தே போயிருக்கிறது. குதிரையையும் எலியையும் மறைத்துவிட்டுப் பாம்பை மட்டும் காட்டுவது பாதிக் கல்வி. மேல்நிலை வகுப்பு உயிரியலில் விலங்குப் பரிசோதனை ஒரு தனி அலகாக, அதன் பயன், வலி, தோல்வி, சட்டம், மாற்று எல்லாவற்றோடும் கற்பிக்கப்பட வேண்டும். அதைத் தொடங்குவதற்கு, வடநெம்மேலி இருக்கும் செங்கல்பட்டைவிடப் பொருத்தமான மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை இந்த விஷயம் வகுப்பறைக்குள் வேறு வடிவில் இருந்தது. குளோரோபார்ம் வாசனை, மெழுகுத் தட்டு, நான்கு காலும் குண்டூசியால் குத்தப்பட்ட தவளை. விலங்கியல் படித்த யாருக்கும் மறக்காத காட்சி. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் கைவிட வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014-இல் விலங்கியல், உயிர் அறிவியல் படிப்புகளில் அதை முழுவதுமாக நிறுத்தச் சொன்னது. நிறுத்தியது சரி. ஏற்கெனவே புத்தகத்தில் படமாக உள்ள குடலையும் இதயத்தையும் இன்னொரு முறை பார்ப்பதற்காக ஆண்டுதோறும் குளங்களிலிருந்து தவளைகளை அள்ளிவந்ததில் புதிய அறிவு எதுவும் பிறக்கவில்லை.

சட்டம் அதை முன்பே சொல்லியிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவையே போதுமான இடங்களில், குறிப்பாகக் கல்லூரிகளில், விலங்குப் பரிசோதனை தவிர்க்கப்பட வேண்டும் என்கிறது. வெறும் கைப்பழக்கத்துக்காக அது செய்யப்படக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த வரிகள் கல்லூரிச் செய்முறைக் கூடத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

தவளை போனதோடு கேள்வியும் போய்விட்டது என்பதே இப்போதைய குறை. தட்டில் கிடந்த தவளையைப் பார்த்தபோது, ‘இதைக் கொல்லத்தான் வேண்டுமா?’ என்று ஒரு மாணவியாவது கேட்க வாய்ப்பிருந்தது. கணினித் திரையில் சொடுக்கினால் திறந்து மூடும் தவளை அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. ஆய்வகங்களிலோ விலங்குகள் இன்னும் இருக்கின்றன. பார்க்காத ஒன்றைப் பற்றி மாணவருக்கு இரண்டே நிலைப்பாடுகள் வாய்க்கின்றன: விஞ்ஞானிகள் செய்வதெல்லாம் சரி, அல்லது எல்லாம் கொடுமை. கைப்பேசியில் வரும் காணொளிகள் அவருக்கு மூன்றாவது ஒன்றைத் தருவதில்லை.

மூன்றாவதற்கான சான்றுகள் இந்த மாவட்டத்திலேயே கிடக்கின்றன. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை ஆராய 1968-இல் தொடங்கிய பெரும் கள ஆய்வுக்கு உலக மருத்துவ ஏடுகளில் ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்றே பெயர். நடந்த இடம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் பகுதி. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களில் ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசியும் மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசியும் போடப்பட்டன. கினிப்பன்றிகளைக் காசநோயிலிருந்து காத்த தடுப்பூசி அது. 1979-80-இல் முதல் முடிவுகள் வந்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுத் தொடர்கணிப்பும் அதையே உறுதிசெய்தது. இன்னொரு விசித்திரமும் உண்டு. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகள் பல, பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளிடம் சாதுவாக நடந்துகொண்டன என்று 1960-இலேயே பதிவாகியிருக்கிறது. அதே கிருமி இங்கே மனிதர்களின் நுரையீரலை அரித்துக்கொண்டுதான் இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்குக் காசநோய் மூளைக்காய்ச்சல் வராமல் காப்பதால் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது, போட வேண்டியதும்தான். ஆனால் விலங்கின் உடலில் கண்டது மனித உடலுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வெளிநாட்டுப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பி.சி.ஜி.யை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆல்பெர் கால்மெட், அதற்கு முன் 1890-களில் சைகோனில் நாகத்தின் விஷத்தை ஆராய்ந்து விஷமுறிவு மருந்துக்கு வழிகண்டவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வடநெம்மேலியும் திருவள்ளூரும் ஒரே பாடத்தில் சந்தித்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான சான்று திருமணியில் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய அந்த ஊரில் லேடி வில்லிங்டன் பெயரில் இருந்த தொழுநோய் இல்லத்தை 1955-இல் மத்திய அரசு எடுத்து, மத்தியத் தொழுநோய்ப் போதனை மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-இல் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைச் சோதனைக் குப்பியில் வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்ட், சுண்டெலியின் பாதத்தில் அது மெல்லப் பெருகுவதைக் காட்டினார். எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்கிறது, எதற்கு அது பழகிவிட்டது என்பதை அறிய அந்த எலியின் பாதமே வெகுகாலம் ஒரே வழி. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய சோதனை அது. இங்கே எலிக்கு ஈடு இருக்கவில்லை. பி.சி.ஜி.யை மட்டும் படித்த மாணவர் விலங்குச் சோதனையே வீண் என்பார். திருமணியை மட்டும் படித்தவர் எல்லாமே அவசியம் என்பார். இரண்டையும் படித்தவரிடம்தான் ‘எந்தச் சோதனை, எதற்காக, வேறு வழி உண்டா?’ என்ற கேள்வி தங்கும்.

அந்தக் கேள்விக்கு அறிவியலே ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. 1959-இல் பிரிட்டனைச் சேர்ந்த ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று விதிகளைச் சொன்னார்கள்: விலங்குக்குப் பதில் வேறொன்று உண்டென்றால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் கதை முதல் விதிக்கு உரை எழுதியது போன்றது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஊரே பயந்த காலத்தில், அந்த மருந்து அங்கே செம்மறியாட்டின் மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. ஆடு செத்தது ஒருபுறம்; போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. 2004 டிசம்பரோடு நாட்டில் அதன் தயாரிப்பு முடிந்தது. அதன் இடத்தைப் பிடித்தது செல் வளர்ப்பில் தயாரான தடுப்பூசி. அந்தச் செல்களின் ஒரு வகை, 1962-இல் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை பெருகிக்கொண்டே இருப்பது. மாற்று வழி மனிதருக்கும் நல்லதாக முடிந்தது.

விலங்கின் உடலில் எதையும் செலுத்தாமலே செய்யும் ஆராய்ச்சியும் பாடத்தில் சேர வேண்டும். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலையின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைகாத்து, 1989-இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. 31 டிகிரி செல்சியஸ் வரை எல்லாம் பெண் குஞ்சுகள், 32.5-இல் எல்லாம் ஆண். ஒன்றரை டிகிரியில் ஓர் இனத்தின் ஆண்-பெண் விகிதம் மாறுகிறது என்பது, வெப்பமேறும் உலகில் பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும். அதே பண்ணையில் மூக்கின்மேல் சுள்ளிகளைத் தாங்கி அசையாமல் கிடந்த முதலைகளைக் கண்ட ஓர் ஆய்வாளர், கூடுகட்டச் சுள்ளி தேடும் கொக்குகளை ஈர்க்கும் தந்திரம் அது என்று 2013-இல் எழுதினார். பின்னர் அமெரிக்காவின் அலிகேட்டர் முதலைகளிடம் வேறு சிலர் சோதித்தபோது அக்கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. இந்த இழுபறி மாணவருக்குப் பொக்கிஷம். பார்த்ததற்கும் நிரூபித்ததற்கும் உள்ள தூரத்தை அது காட்டிவிடுகிறது.

இப்படி ஓர் அலகு வந்தால் எழக்கூடிய ஆட்சேபங்கள் தெரிந்தவைதான். நீட் தேர்வுக்கு உதவாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தேர்வை எழுதி மருத்துவராகப் போகிறவர்தான் நாளை விஷமுறிவு மருந்தை ஏற்றப் போகிறார். பிஞ்சு மனம் நோகும் என்பது இன்னொன்று. அதில் நியாயம் உண்டு. ஆகவே பதினொன்றாம் வகுப்புக்கு முன் வேண்டாம், விலங்கு துடிக்கும் காட்சிகளும் வேண்டாம். ஆய்வகங்களின் பெயர் கெடும் என்று சில விஞ்ஞானிகளும், ஆய்வகங்களுக்கு விளம்பரம் ஆகிவிடும் என்று சில விலங்கு நல ஆர்வலர்களும் ஒரே நேரத்தில் பயப்படலாம். இரு தரப்பும் சமமாகச் சங்கடப்பட்டால் பாடம் ஓரளவு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

செலவு பெரிதில்லை. மாவட்டத்தின் பள்ளிகள் எப்படியும் முதலைப் பண்ணைக்குச் சுற்றுலா போகின்றன. அந்த நாளில் குதிரை, எலியின் கதையைச் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சொல்லித்தர இருளர்களையே அழைக்கலாம். பாம்புத்தோல் வணிகம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் நின்றபோது பிழைப்பிழந்து, பின்னர் 1978-இல் இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, விஷமெடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விலங்கைப் பயன்படுத்தியும் கொல்லாமல் விடும் முறைக்கு அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. இங்கெடுத்த விஷத்தால் செய்த மருந்து நாட்டின் வேறு சில பகுதிப் பாம்புகளிடம் போதிய பலன் தருவதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருப்பதும் அந்த ஒரு மணி நேரத்தில் இடம்பெறலாம்.

வகுப்பறைக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. விலங்குகளை வைத்து ஆராயும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வரும் கட்டாயம். விஞ்ஞானிகளும் கால்நடை மருத்துவரும் அமரும் அந்தக் குழுவில், அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் இடம் உண்டு. அப்படி ஒரு குழுவை மாணவர்கள் நடித்துப் பார்க்கட்டும். ஒரு புதிய விஷமுறிவு மருந்தைச் சோதிக்க எத்தனை எலிகள் வேண்டும், அந்த எண்ணிக்கையைக் குறைக்க வழியுண்டா, வலி தெரியாமல் செய்ய முடியுமா என்று விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்து, ஒப்புதல் தரட்டும் அல்லது திருப்பி அனுப்பட்டும். துறை சாராத உறுப்பினரின் நாற்காலியில் மாணவர்கள் முறைவைத்து உட்காரலாம்.